இரண்டு கிலோப் பொமேரியனும் ஏழு கிலோப் பொமேரியனும்

யாழ்ப்பாணத்தில் ஒரே ஒழுங்கைக்குள் இரண்டு வீட்டில் பொமேரியன் நிற்கும். ஒன்று 2.3 கிலோ, மடியில் படுத்தால் மடியில் இடம் மிச்சம். மற்றது 7 கிலோ, கேற்றடியில் நின்று தபால்காரரை உள்ளே விடாது. தங்கள் வீட்டு நாய்தான் அசல் என்று இரு பகுதியும் சொல்லும். பெரியதின் சொந்தக்காரர் சின்னதைப் பார்த்து "உதுக்குச் சாப்பாடு காணாது" என்பார். சின்னதின் சொந்தக்காரர் பெரியதைப் பார்த்து "உது கலப்பு" என்பார். தராசை மட்டும் வைத்துச் சொல்லும் தீர்ப்பு என்பதால் இரண்டும் பெரும்பாலும் பிழையாகிப்போகும்.

எடைக்குள் எலும்பு, தசை, கொழுப்பு, காலையில் தின்ற சோறு எல்லாம் சேர்ந்திருக்கிறது. நாய் எந்த அளவினது என்பதைச் சொல்வது எலும்புக்கூடு. அதை அளக்க உயரம் வேண்டும். இன நியமங்களை, அதாவது ஓர் இனத்து நாய் எப்படி இருக்க வேண்டும் என்று நாய்ச் சங்கங்கள் வகுத்த அளவுகளை, எழுதியவர்களே இதில் ஒரு வழிப்பட்டவர்கள் அல்ல. இங்கிலாந்தின் கென்னல் கிளப் எடையைத்தான் சொல்கிறது: கடுவனுக்கு 1.8 முதல் 2 கிலோ, பெட்டைக்கு 2 முதல் 2.5 கிலோ. பெட்டைக்குக் கூடிய எடையை அனுமதிப்பது மற்ற இனங்களில் அதிகம் காணாத விஷயம். குட்டி சுமக்க இடுப்பு வேண்டும் என்று வளர்ப்பவர்கள் அதற்கு விளக்கம் சொல்வார்கள். அமெரிக்க நியமத்தில் 3 முதல் 7 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 1.4 முதல் 3.2 கிலோ. கண்காட்சிக்கு 4 முதல் 6 இறாத்தல் விரும்பத்தக்கது. ஐரோப்பாவைத் தலைமையகமாகக் கொண்ட எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு எடையை எண்ணாகச் சொல்வதே இல்லை. தோளுயரம் 18 முதல் 24 சென்ரிமீற்றர், எடை உயரத்துக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்த எஃப்.சி.ஐ. ஏட்டில் பொமேரியன் தனி இனமாகவும் இல்லை. 97ஆம் இலக்க நியமத்தின் கீழ் ஜேர்மன் ஸ்பிட்ஸ் என்ற ஒரே தலைப்பில் ஐந்து அளவுகள் வருகின்றன. கடைசி அளவு பொமேரியன். அதற்கு மேலே 24 முதல் 30 செ.மீ. வரை கிளைன் (சின்ன) ஸ்பிட்ஸ், பிறகு 30 முதல் 40 வரை நடுத்தர ஸ்பிட்ஸ், 40 முதல் 50 வரை பெரிய ஸ்பிட்ஸ், 43 முதல் 55 வரை வூல்ப் ஸ்பிட்ஸ். ஆகவே 28 செ.மீ. உயரமான ஒரு நாயை லண்டன்காரர் "அளவு மீறிய பொமேரியன்" என்பார், பேர்லின்காரர் "சரியான கிளைன் ஸ்பிட்ஸ்" என்பார். நாய் ஒன்றுதான்.

ஒரே குடும்பம் என்பதால்தான் அளவு இப்படி அலைகிறது. 1888இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வாங்கிய மார்க்கோ என்ற கடுவன் ஏறக்குறைய 12 இறாத்தல், அதாவது 5.4 கிலோ. அந்தக் காலத்தில் அதைச் சின்ன நாய் என்றார்கள். அதற்கு முன் 1767இல் சார்லட் அரசி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பொமேரியன்கள் அதை விடப் பல மடங்கு பெரியவை. அரண்மனை நாயின் எடை இன்றைக்கு இரண்டு கிலோவுக்கு இறங்கியது சின்னதைச் சின்னதோடு இணைத்து இணைத்துத்தான். பழைய பெரிய சந்ததியின் மரபணு அப்படியே அழிந்துபோகவில்லை. 2.5 கிலோத் தாய்க்கும் 2.2 கிலோத் தகப்பனுக்கும் பிறந்த ஒரு குட்டி 4.5 கிலோவுக்கு வளர்ந்தால் மதில் பாய்ந்த நாயைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பாட்டன் பூட்டன் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

மரபணுப் பக்கத்திலும் இதற்கு ஆதாரம் இருக்கிறது. சின்ன இனங்களின் உருவத்தைத் தீர்மானிப்பதில் 15ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஐ.ஜி.எஃப்-1 என்ற மரபணு பெரும்பங்கு வகிப்பதாக 2007இல் கண்டார்கள். சின்ன உருவத்தோடு தொடர்புடைய அதன் வடிவம் 54,000 ஆண்டுகளுக்கு முந்திய ஓநாயின் எச்சத்திலேயே இருந்ததாக 2022இல் இன்னொரு ஆய்வு சொன்னது. ஆனால் அந்த ஒன்று மட்டும் அளவைத் தீர்மானிப்பதில்லை. வேறு மரபணுக்களும் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். ஒரே ஈற்றில் பிறந்த மூன்று குட்டிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு சேர்க்கையை எடுத்துக்கொள்ளும்.

இனி நம்மூர் நிலைமை. வெள்ளை நிறம், சற்று நீண்ட மூஞ்சி, நீண்ட கால், நிமிர்ந்த பெரிய காது, 5 முதல் 7 கிலோ எடை. இப்படிப்பட்ட நாய் என் கணிப்பில் பொமேரியன் அல்ல, இந்தியன் ஸ்பிட்ஸ். ஜேர்மன் ஸ்பிட்ஸ் வழியில் வந்து இந்தியாவில் வெக்கைக்குப் பழகிய நாய் அது. அதிலேயே 12 கிலோவுக்கு மேல் போகும் பெரிய வகையும் உண்டு. மூஞ்சியையும் காதையும் பாருங்கள். பொமேரியனுக்கு மூஞ்சி கட்டை, காது சின்னது, கழுத்து மயிருக்குள் பாதி புதைந்திருக்கும். ஸ்பிட்ஸ் என்றால் தாழ்வு ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் இருமாமல் மூச்சிழுக்காமல் விறாந்தையில் படுத்திருப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் அதைப் பொமேரியன் என்று நம்பி, நியமப் புத்தகத்தில் 2.5 கிலோ என்று பார்த்துவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்தால் பட்டினி போடுகிறீர்கள்.

அதனால் முதலில் அளவுங்கள். மாபிள் நிலத்தில் நாய் வழுக்கிக் காலை அகட்டி நிற்கும், உயரம் ஒரு சென்ரிமீற்றர் குறையும். சீமெந்து நிலமோ, மடிப்பில்லாத ரப்பர் விரிப்போ நல்லது. சுவரோடு பக்கவாட்டாக நிறுத்துங்கள். முன்கால் இரண்டும் நேர் கீழே, தலை வழக்கமான உயரத்தில். ஒருவர் தாடையைப் பிடித்திருக்க, மற்றவர் தோள்முகட்டை விரலால் தேட வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் இரண்டு தோள்பட்டை எலும்பின் நுனிகளும் தட்டுப்படும், அதுதான் அளக்கும் புள்ளி. மயிரை விரித்து, மட்டை கெட்டியான புத்தகம் ஒன்றை அதன் மேல் படுக்கையாக வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, நிலத்திலிருந்து அடிமட்டத்தால் அளவுங்கள். மயிரோடு அளந்தால் 2, 3 செ.மீ. சும்மா ஏறிவிடும். 23 செ.மீ. பொமேரியன் 26 செ.மீ. கிளைன் ஸ்பிட்ஸ் ஆகிவிடும். மூன்று தரம் அளந்து நடு அளவை எடுத்தால் போதும்.

நிறுப்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. ஊசி ஆடும் குளியலறைத் தராசில் ஆள் ஏறி, பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, கழித்துப் பார்ப்பார்கள். அந்தத் தராசு அரைக் கிலோ அங்கே இங்கே காட்டும். 40 கிலோ நாய்க்கு அரைக் கிலோ பெரிய காரியமில்லை. 2.5 கிலோ நாய்க்கு அது எடையில் ஐந்தில் ஒரு பங்கு. குட்டி என்றால் குசினித் தராசில் சின்னப் பிளாஸ்ரிக் பேசினை வைத்துப் பூச்சியமாக்கி, துவாய் விரித்து இருத்தினால் ஒரு கிராமும் தெரியும். 5 கிலோவுக்கு மேல் குசினித் தராசு பல தாங்காது. அதற்கு ஒரு தராசு யாழ்ப்பாணத்து வீடுகளில் எப்படியும் கிடக்கும், கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிறவர்களின் சூட்கேஸ் நிறுக்கும் கொழுவித் தராசு. கைபிடியுள்ள துணிப்பையில் நாயை இருத்தித் தலையை வெளியே விட்டு, இலக்கம் நிலைக்கும் வரை தூக்கிப் பிடியுங்கள். பையின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்கு முன், மலசலம் போன பிறகு, ஒவ்வொரு முறையும் ஒரே தராசில். 3 கிலோ நாய் ஒரு நேரம் வயிறு முட்டத் தின்றாலே 100 கிராம் கூடிக் காட்டும்.

உயரமும் எடையும் கையில் வந்த பின் மூன்றாவது அளவு விரலில் இருக்கிறது. பொமேரியனின் உடம்பைக் கண்ணால் மதிக்க ஏலாது, இரட்டை மயிர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இரண்டு பெருவிரலும் முதுகில் இருக்க, மற்ற விரல்களை விலா மேல் பரப்பி, அமத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். உங்கள் விரித்த கையின் புறங்கையைத் தடவும்போது எலும்பு எப்படித் தெரிகிறதோ அப்படி விலா தெரிந்தால் அளவான உடம்பு. மூடிய கையின் விரல்மொழி போலக் குத்தினால் மெலிவு. உள்ளங்கை போல மெத்தென்று இருந்து, அமத்தித் தேடினால்தான் விலா கிடைக்குமென்றால் கொழுப்பு. குளிப்பாட்டி மயிர் உடம்போடு ஒட்டியிருக்கும்போது மேலிருந்து பாருங்கள், விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்க வேண்டும்.

மிருக வைத்தியர்கள் இதை 1 முதல் 9 வரை புள்ளியிட்டு எழுதுவார்கள். 4, 5 நல்ல உடம்பு. 5க்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் கூடிய எடை. 7 புள்ளி வாங்கிய 4.2 கிலோ நாய் உண்மையில் 3.5 கிலோ நாய். 22 செ.மீ. உயரத்தில் 4.5 கிலோ நின்றால் அது பெரிய பொமேரியன் அல்ல, கொழுத்த பொமேரியன். 28 செ.மீ. உயரத்தில் 5 கிலோ நின்று விலாவும் தட்டுப்பட்டால் அதற்கு ஒரு குறையுமில்லை, சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம். கொழுத்த சின்ன நாய்க்கு இருமல் முதலில் வரும். இந்த இனத்தில் மூச்சுக்குழாயின் வளையங்கள் தளர்ந்து மடங்கும் குணம் இருக்கிறது, கழுத்தைச் சுற்றிய கொழுப்பு அதைக் கூட்டும். கழுத்துப் பட்டியைக் கழற்றி நெஞ்சுப் பட்டி போடுங்கள். அடுத்தது முழங்கால் சில்லு விலகுதல்: ஓடும்போது ஒரு பின்காலைத் தூக்கி மூன்று காலில் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்ப நாலு காலில் ஓடும். அதைச் சேட்டை என்று பலர் ரசிக்கிறார்கள்.

சாப்பாட்டுக் கணக்கு எடைக்கு நேராக ஏறாது. கிலோக் கணக்கிலான எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கத் தேவையான கலோரி. வளர்ந்த, நலமெடுத்த (கருத்தடை செய்த) வீட்டு நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்குவார்கள். 2 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 190 கலோரி, 3 கிலோவுக்கு 255, 5 கிலோவுக்கு 375. கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் சின்ன நாய்தான் கூடத் தின்ன வேண்டும். ஆனால் மொத்தத்தில் அந்த 190 மிகச் சின்ன இடம். ஒரு மாரி பிஸ்கற் ஏறக்குறைய 25 கலோரி. காலைத் தேத்தண்ணிக்கு இரண்டு, பின்னேரத் தேத்தண்ணிக்கு இரண்டு என்று அப்பப்பா தன் பங்கிலிருந்து கொடுத்தால் 2 கிலோ நாயின் நாளில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. பிறகு இறைச்சியைக் கண்டு மூஞ்சியைத் திருப்பும், "வாய் ருசி பார்க்கிற நாய்" என்ற பட்டம் வரும். அதே நான்கு பிஸ்கற் 7 கிலோ நாய்க்கு நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பக்கத்து வீட்டு அளவு உங்களுக்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

சோறு கொடுக்கிறவர்கள் சோற்றையும் மீனையும் சரி பாதியாகவாவது வையுங்கள். முள்ளெடுத்த சூடையோ பாரையோ, கோழியோ, உப்பும் தூளும் போட முன் எடுத்தது. குழம்பு விட்டுப் பிசைவதில் ஆபத்து உறைப்பல்ல, வெங்காயம். நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே சிவப்பணு உடையத் தொடங்கலாம். அவித்தாலும் பொரித்தாலும் அது மாறாது. 2 கிலோ நாய்க்கு 30 கிராம், அதாவது நம் தோட்டத்துச் சின்ன வெங்காயம் மூன்று நாலு. எடை குறைக்க வேண்டியிருந்தால் வாரத்துக்கு உடம்பெடையில் 1 முதல் 2 சதவீதம் மட்டும் இறங்கட்டும். 5 கிலோ நாய்க்கு அது வெறும் 50 முதல் 100 கிராம், ஊசித் தராசில் தெரியாது. நலமெடுத்த பிறகு தேவை கால்வாசி அளவு குறையும், அன்றிலிருந்தே குறையுங்கள்.

மருந்தில் எடையைக் கண்ணால் மதிப்பது இன்னும் கெடுதல். பூச்சிக் குளிசைகள் பல 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகின்றன. 2.5 கிலோவுக்குக் கால், 7 கிலோவுக்கு முக்கால். "எங்கட பொமேரியனுக்கு அரைவாசி குடுத்தனான், நீங்களும் அரைவாசி குடுங்கோ அக்கா" என்று வேலிக்கு மேலால் பரிமாறும் அரைக் குளிசை சின்னதுக்கு இரட்டை, பெரியதுக்குக் குறை. குறைந்த அளவில் பூச்சி சாகாது. முதுகில் விடும் உண்ணி மருந்துகளிலும் வாயால் கொடுக்கும் உண்ணி மருந்துகளிலும் பல 2 கிலோவிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே என்றால் வைத்தியரைக் கேட்காமல் பெட்டியை உடைக்க வேண்டாம். பெரிய நாய்க்குரிய உண்ணி மருந்துக் குழாயைப் பங்கிட்டு விடுவதும், தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைக் கலக்கிக் குளிப்பாட்டுவதும் கூடவே கூடாது. சின்ன உடம்பில் எடைக்குத் தோற்பரப்பு அதிகம், நஞ்சும் அதிகம் இறங்கும். உண்ணியை அசட்டை செய்யவும் ஏலாது. 2 கிலோ நாயின் உடம்பிலுள்ள இரத்தம் முழுவதும் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் அடங்கும். காய்ச்சலுக்கு என்று கொடுக்கும் ஒரு முழுப் பனடோல் 500 மில்லிகிராம், 2.5 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 200. ஈரலை எரிக்கும் அளவு அது. விசர்நாய்த் தடுப்பூசி மட்டும் எடை பார்ப்பதில்லை, எந்தப் பெரிய நாய்க்கும் எந்தச் சின்ன நாய்க்கும் அதே 1 மில்லிலீற்றர். "சின்னனுக்குப் பாதி போடுங்கோ டொக்டர்" என்று கேட்பது பிழை.

குட்டி வாங்கும் இடத்தில் எடை விலையாகிறது. பேஸ்புக்கில் "டீகப்", "மைக்ரோ", "மினி ரோய்" என்று விளம்பரம் வரும். எந்த நியமத்திலும் அப்படி ஒரு வகை இல்லை. கென்னல் அசோசியேஷன் பத்திரம் இருந்தாலும் அது தாய் தகப்பனைத்தான் சொல்லும், குட்டி எத்தனை கிலோவில் நிற்கும் என்று சொல்லாது. 

"தம்பி, இது இனி வளராதோ?" 

"இல்லை அண்ணை, இவ்வளவுதான். மூண்டு மாசக் குட்டி." 

மூன்று மாதத்தில் எந்தப் பொமேரியனும் வளர்ந்து முடிவதில்லை. உயரம் 7 முதல் 10 மாதத்தில் நிற்கும், நெஞ்சும் தசையும் ஒரு வயது வரை நிரம்பும். மூன்று, மூன்றரை மாத எடையை இரண்டால் பெருக்கினால் வளர்ந்த எடை குத்துமதிப்பாக வரும். அந்த வயதில் 1.2 கிலோ என்றால் 2.4 கிலோவுக்குப் பக்கத்தில். ஆறு கிழமைக் குட்டியை மூன்று மாதம் என்று சொல்லி விற்றால் கணக்கு முழுவதும் சரியும், அதனால் பல்லைப் பாருங்கள். ஆறு கிழமையில் பாற்பல் ஊசி மாதிரிக் கூராக நெருங்கி நிற்கும். நாலு மாதமளவில் முன்பற்கள் விழத் தொடங்கும். நாலு முதல் ஆறு மாதத்துக்குள் குட்டி மயிர் கொட்டி நாய் எலும்பும் தோலுமாகத் தெரியும். அந்தப் பருவத்தில் "கலப்பு நாயைத் தந்து ஏமாற்றிவிட்டான்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. மூஞ்சியையும் உயரத்தையும் பார்த்துப் பொறுத்திருங்கள், மயிர் திரும்ப வரும். வெக்கை என்று மொட்டையடித்தால் வராமலும் போகலாம்.

சின்னதாக இருப்பது சில வேளை வருத்தத்தின் அடையாளம். வயிறு மட்டும் உப்பி மற்ற உடம்பு சூம்பினால் முதலில் உருளைப் புழு. சாப்பிட்ட பின் மந்தமாகி, சுவரில் முட்டி, கூடப் பிறந்தவற்றை விட மெல்ல வளர்ந்தால் ஈரலைச் சுற்றிக்கொண்டு இரத்தம் போகும் பிறவிக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். நெஞ்சில் கை வைத்தால் இரைச்சல் அதிர்வாகத் தட்டுப்படுவது இதயத்தருகே பிறந்த பின்னும் மூடாத குழாயாக இருக்கலாம், பொமேரியனில் அது கேள்விப்படாததல்ல. உச்சந்தலையில் எலும்பு பொருந்தாமல் மெத்தென்ற குழி இருக்கிறதா என்று பெருவிரலால் தடவிப் பாருங்கள். ஈற்றிலேயே ஆகச் சின்னது என்று கூடிய விலைக்கு வருவது பல நேரம் இந்தக் குட்டிதான்.

கொழும்பிலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ குட்டி எடுப்பவர்கள் ஏ-9 வீதி இரவு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணித்தியாலமும் அதற்கு மேலும் போகும். ஒரு கிலோவுக்குக் குறைந்த குட்டியின் ஈரலில் சேமிப்புச் சீனி கொஞ்சம்தான். பசி, குளிர், பயம் மூன்றும் சேர்ந்தால் இரத்தத்தில் சீனி விழுந்துவிடும். முதலில் தூங்குவது போல இருக்கும், தூக்கி நிறுத்தினால் தள்ளாடும், முரசு வெளிறும், பிறகு வலிப்பு. பஸ்ஸில் ஏற முன் சாப்பாடு, பிறகு மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கொஞ்சம். ஏ.சி. காற்று நேரே படாத பெட்டி, அடியில் கம்பளி. குளுக்கோஸ் கரைசலோ, கெட்டியான சீனிப் பாணியோ சின்னப் போத்தலில் இருக்கட்டும். தள்ளாடினால் விரலில் தொட்டு முரசிலும் நாக்கின் கீழும் பூசுங்கள். மயங்கிய குட்டியின் வாய்க்குள் ஊற்றினால் சுவாசப்பையில் இறங்கிச் செத்துவிடும். விழித்த பிறகு உணவு கொடுத்து, இறங்கியதும் வைத்தியரிடம். வீட்டுக்கு வந்த பின்னும் நாலு மாதம் வரை நாளுக்கு நாலு தரம் சாப்பாடு. பத்துக் கிழமைக்கு முன் இந்தப் பயணத்தில் குட்டியை ஏற்றாதிருப்பது நல்லது.

இணைக்கும்போது அளவு வித்தியாசம் உயிருக்கே வருகிறது. கடுவன் பெட்டைக்குச் சமமாகவோ சற்றுச் சிறிதாகவோ இருக்க வேண்டும். 7 கிலோ ஸ்பிட்ஸ் கடுவனை 2.5 கிலோப் பெட்டைக்கு விடுவது கொலைக்குச் சமம் என்றே சொல்வேன். 2.5 கிலோவுக்குக் குறைந்த பெட்டையை இணைக்கவே வேண்டாம் என்பது என் முடிவு. ஒற்றைக் குட்டி இன்னும் மோசம், இடம் முழுவதும் தனக்கென்று வளர்ந்து தலை இடுப்பில் சிக்கும். கர்ப்பம் ஏறக்குறைய 63 நாள். 55ஆம் நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்றே எடுத்தால் எத்தனை தலை, தாயின் இடுப்பு வளையத்தோடு ஒப்பிட எவ்வளவு பெரிது என்று தெரியும். இரவில் வயிற்றைத் திறந்து குட்டி எடுக்கக்கூடிய வைத்தியர் யார் என்று அன்றைக்கே கேட்டு, தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கடைசிக் கிழமையில் நாளுக்கு இரண்டு தரம் வெப்பம் பாருங்கள். 37.2 பாகைக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். அரை மணித்தியாலம் முக்கியும் குட்டி வராவிட்டாலோ, முதல் குட்டிக்கு முன் பச்சை நீர் கண்டாலோ காத்திருக்க வேண்டாம். கர்ப்பக் காலத்தில் கல்சியம் குளிசை கொடுப்பது நன்மை போலத் தெரியும். அதனால் தாயின் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை மறந்துவிடும், பால் சுரக்கும் கிழமைகளில் நடுக்கமும் வலிப்பும் வரும். சின்னத் தாய்க்கு இது கெதியாக வரும்.

பிறந்த குட்டி பெரும்பாலும் 80 முதல் 150 கிராம். ஒவ்வொன்றின் கழுத்திலும் வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டி, குசினித் தராசில் காலையும் மாலையும் நிறுத்து எழுதுங்கள். நூலை இரண்டு நாளுக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும், குட்டி வளரும், நூல் வளராது. முதல் நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினாலோ, பத்தாம் நாளில் பிறந்த எடை இரட்டிக்காவிட்டாலோ அந்தக் குட்டிக்குப் பால் காணாது. சின்னதை மற்றவற்றுக்கு முன் கால் மணித்தியாலம் தனியே, பால் கூடிய பின் முலையில் விடுங்கள். விற்கும்போது அந்தக் கொப்பித் தாளைப் படமெடுத்து, தாய் தகப்பனின் தோளுயரத்தையும் எடையையும் சேர்த்து வாங்குபவருக்குக் கொடுங்கள். கொடுக்க மறுக்கிறவரிடம் எவ்வளவு சின்னக் குட்டி இருந்தாலும் வாங்காதீர்கள்.